பாதையை விட்டு இறங்காதீர்கள்: சுவிஸ் தேசியப் பூங்கா குறித்து ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் பயணப் பக்கத்தில் சுவிட்சர்லாந்தின் மலைப்பகுதிகளைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். பனிமலை உச்சிக்கு ஏறும் ரயில்கள், கேபிள் கார்கள், ஏரிக்கரை நகரங்கள் என்று பலவற்றை விரிவாக எழுதியிருந்த கட்டுரையாளர், எங்கடின் பள்ளத்தாக்கிலுள்ள சுவிஸ் தேசியப் பூங்காவுக்கு மூன்றே வரிகள் ஒதுக்கி, அங்கே தடைகள் அதிகம் என்பதால் குடும்பமாகப் போகிறவர்களுக்கு அது ஏற்ற இடமல்ல என்று முடித்திருந்தார். பதினேழு ஆண்டுகளாக இந்த நாட்டில் வசித்து, அந்தப் பூங்காவுக்குக் கோடையிலும் இலையுதிர் காலத்திலுமாக ஏழு தடவை போய்வந்தவன் என்ற முறையில், அந்த மூன்று வரிகளுக்கு மறுமொழி எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. தடைகள் அதிகம் என்பது உண்மைதான். அந்தத் தடைகள் இருப்பதால்தான் அங்கே போய்ப் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், வாசகருக்குக் கிடைப்பது அரைச் செய்தியே.

பூங்காவைப் பற்றி முதலில் சிறிது சொல்லிவிடுகிறேன். நாட்டின் தென்கிழக்கு மூலையில், கிராவுபுண்டன் மாநிலத்தில், இத்தாலிய எல்லையை ஒட்டி 170 சதுர கிலோமீட்டர் பரப்பில் அது விரிந்திருக்கிறது. ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் ஆற்றங்கரைக் காடாகத் தொடங்கி, 3,174 மீட்டர் உயரமுள்ள பிட்ஸ் பிசோக் சிகரத்தில் வெறும் பாறையாக முடிகிறது. ஐரோப்பாவில் முதல் உலகப் போர் மூண்ட அதே நாட்களில், 1914 ஆகஸ்ட் 1ஆம் தேதி தொடங்கப்பட்ட இதுவே ஆல்ப்ஸ் மலைத்தொடரின் முதலாவது தேசியப் பூங்கா. சுவிட்சர்லாந்தில் இன்றுவரை வேறொரு தேசியப் பூங்கா இல்லை. இதற்காகப் பாடுபட்டவர்களில் முதன்மையானவரான பாசல் நகரத்து இயற்கை ஆய்வாளர் பால் சரசின், இளமையில் தம் உறவினர் ஃபிரிட்ஸ் சரசினோடு இலங்கைக்குச் சென்று ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்தவர் என்பது நம் வாசகர்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

நிலம் ஊர்களுக்குச் சொந்தமானது. 1909இல் செர்னெட்ஸ் ஊரவர்கள் குளுவோட்சா பள்ளத்தாக்கைக் குத்தகைக்குக் கொடுக்க இசைந்தபோது, அந்தக் குத்தகைப் பணத்தைத் திரட்டுவதற்காகவே ஒரு சங்கம் உருவாக்கப்பட்டது. அதன் ஆண்டுச் சந்தா ஒரே ஒரு பிராங்க். இன்று ப்ரோ நாத்துரா என்ற பெயரில் இயங்கிவரும் அந்தச் சங்கத்துக்கு ஆசிரியர்களும் கடைக்காரர்களும் மாணவர்களும் ஆளுக்கொரு பிராங்காகக் கொடுத்த பணத்தில்தான் முதல் பள்ளத்தாக்கு மனிதனின் கோடரியிலிருந்தும் துப்பாக்கியிலிருந்தும் மீட்கப்பட்டது. செல்வந்தர் ஒருவரின் கொடையாகவோ அரசரின் ஆணையாகவோ அது வந்திருந்தால், அங்கே நடக்கும்போது எனக்கு இந்த அளவுக்கு மரியாதை தோன்றியிருக்குமா என்று தெரியவில்லை.

இனி, அங்கே என்னென்ன கூடாது என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். குறியிட்ட பாதையை விட்டு விலகக் கூடாது. இளைப்பாறவும் கட்டுச்சோற்றைப் பிரிக்கவும் மஞ்சள் குறிகளால் எல்லை காட்டிய இடங்கள் உண்டு. அந்த எல்லையைத் தாண்டிப் புல்வெளியில் பாய் விரிக்க அனுமதி இல்லை. நாயைக் கூட்டிவரக் கூடாது, கயிற்றில் பிடித்திருந்தாலும் கூடாது. மிதிவண்டி, ட்ரோன், கூடாரம், அடுப்பு, தீ எதற்கும் இடமில்லை. பூவானாலும் காளானானாலும் கல்லானாலும் காய்ந்த சுள்ளியானாலும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். இரவு தங்க விரும்புவோருக்குப் பூங்காவுக்குள் இரண்டே இடங்கள்: பூங்காவின் ஊடே செல்லும் ஃபுவோர்ன் கணவாய்ச் சாலையோரமுள்ள இல் ஃபுவோர்ன் விடுதியும், குளுவோட்சா பள்ளத்தாக்கிலுள்ள மலைக்குடிலும். குளிர்காலத்தில் பாதைகள் முழுவதுமாக மூடப்படுகின்றன. இவற்றை மீறுவோருக்குத் தண்டம் உண்டு. நுழைவுக் கட்டணம் மட்டும் இல்லை.

இப்படி அடுக்கிக் கேட்கும்போது யாருக்கும் மனம் சலிக்கத்தான் செய்யும். எனக்கும் சலித்தது. பாதையை விட்டு இறங்காதே என்ற விதியின் பொருளை நான் கற்றுக்கொண்டது, அதை மீறிய பிறகுதான்.

முதல் தடவை நாங்கள் போனது ஒரு ஜூலை மாதத்தில். உறவினர் குடும்பங்கள் மூன்றாகச் சேர்ந்து, பெரியவரும் சிறியவருமாகப் பதினொரு பேர், கணவாய்ச் சாலையில் பேருந்திலிருந்து இறங்கி ஷ்டாபெல்சோட் புல்வெளியை நோக்கி நடந்தோம். அங்கே மர்மோட்டுகள் இருந்தன. முயலைவிடப் பருத்த, பழுப்பு நிறமான, அணில் இனத்தைச் சேர்ந்த விலங்கு அது. மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். வளை வாயில் குட்டிகள் இரண்டு ஒன்றையொன்று கட்டிப் புரண்டு விளையாடிக்கொண்டிருந்தன. என் கைப்பேசியில் அவை இரண்டு புள்ளிகளாகத்தான் விழுந்தன. இருபது அடி போனால் நல்ல படம் கிடைக்கும் என்று எண்ணிப் பாதையை விட்டு இறங்கினேன். ஏழெட்டு அடி வைத்திருப்பேன், எங்கிருந்தோ விசில் போலக் கூர்மையான கத்தல் ஒன்று எழுந்தது. அதைத் தொடர்ந்து இன்னொன்று, அப்புறம் சரிவு முழுவதிலுமிருந்து. மூச்சு விடும் நேரத்துக்குள் அந்தப் புல்வெளியில் ஓர் உயிர் இல்லை. மஞ்சள் குறியிட்ட இடத்தில் வயதான தம்பதியர் தொலைநோக்கியை முக்காலியில் பொருத்தி ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அமர்ந்திருந்தார்கள். அவர்கள் என்னைத் திட்டவில்லை. தொலைநோக்கியை மூடியால் மூடிவிட்டு அமைதியாக எழுந்து போனார்கள். அந்த மூடும் ஓசை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

சற்று நேரத்தில் பூங்காக் காவலர் ஒருவர் எங்களிடம் வந்தார். தண்டம் எழுதுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் விளக்கத் தொடங்கினார். மர்மோட் ஏறத்தாழ அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை ஆறு மாதங்கள் வளைக்குள் உறங்குகிறது. அந்த உறக்கத்தில் அதன் உடல் குளிர்ந்து, இதயத் துடிப்பு நிமிடத்துக்குச் சில தடவைகளாகக் குறைந்துவிடும். வெளியே உணவு தேடக் கிடைக்கும் சில மாதங்களில் சேர்க்கும் கொழுப்புதான் குளிர்காலம் முழுவதற்குமான அதன் இருப்பு. ஒவ்வொரு தடவை வளைக்குள் ஓடும்போதும் மேய்ச்சல் நேரம் குறைகிறது. இந்த ஆண்டு பிறந்த குட்டிக்கு அந்த இழப்பு மிகவும் பெரிது. பாதையில் நடப்பவர்களை மர்மோட்டுகள் பொருட்படுத்துவதில்லை, ஏனென்றால் தலைமுறை தலைமுறையாக அந்தக் கோட்டில் மட்டும் மனிதர் போவதையும் அங்கிருந்து ஆபத்து வராததையும் அவை பார்த்திருக்கின்றன, கோட்டை விட்டு வெளியே வருகிறவன்தான் அவற்றின் கணக்கில் புதியவன், அவனைத்தான் அவை பகைவன் என்று எடுத்துக்கொள்கின்றன என்றார் அவர். இதை நான் வேறு எங்கும் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. எங்களோடு வந்திருந்த என் மாமியாருக்கு அதைத் தமிழில் சொன்னபோது, "இதை முதலே சொல்லியிருந்தால் பிள்ளைகளை நானே பிடித்து வைத்திருப்பேனே" என்றார். அவர் சொன்னது நியாயம். பாதையின் தொடக்கத்திலிருந்த பலகையில் தமிழ் இல்லை; அதை வாசித்துச் சொல்லக்கூடிய நாங்களும் நின்று வாசிக்கவில்லை.

அந்த நாளுக்குப் பிறகு ஆறு தடவை போயிருக்கிறேன். அவற்றுள் என்னைப் பெரிதும் ஆட்கொண்டது, செப்டம்பர் இறுதியில் வால் துருப்சுன் பள்ளத்தாக்கில் கழித்த ஒரு பகல். ஷ்சான்ஃப் ரயில் நிலையத்திலிருந்து ஓடையை ஒட்டி ஏறிப் போனால் 2,040 மீட்டர் உயரத்தில் துருப்சுன் என்ற பழைய கோடை மேய்ச்சல் நிலத்தை அடையலாம். இலையுதிர் காலத்தில் செம்மான்களின் இணைசேரும் பருவத்தைப் பார்க்க இந்தப் பள்ளத்தாக்குக்கு நிகரான இடம் ஆல்ப்ஸில் அரிது. செப்டம்பர் நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை அது நீடிக்கும். பூங்காவின் எல்லைக்கு வெளியே செப்டம்பரில்தான் மாநிலத்தின் வேட்டைக் காலமும் வருகிறது. எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பது மான்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அன்று என் அம்மாவும் பத்து வயது மகளும் உடன் வந்தார்கள். அம்மா மெல்ல நடப்பவர். அவருடைய நடைக்கே நாங்களும் நடந்தோம், அதுவே எங்களுக்கு வாய்த்த நன்மையாயிற்று. மஞ்சளாகத் தொடங்கியிருந்த லார்ச் மரங்களுக்கு அப்பால், எதிர்ச் சரிவிலிருந்து முதல் குரல் வந்தபோது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதை உறுமல் என்பதா, முக்காரம் என்பதா தெரியவில்லை. அடிவயிற்றிலிருந்து புறப்பட்டுக் கரகரத்து நீண்டு, கடைசியில் இருமலைப் போல மூன்று நான்கு துண்டுகளாக உடைந்து நிற்கும் ஒலி. பள்ளத்தாக்கின் மறுபுறத்திலிருந்து வேறொரு கலை (ஆண் மான்) அதற்கு விடை கொடுத்தது. ஓய்விடத்தில் யாரோ அன்போடு தந்த தொலைநோக்கியின் வழியாகப் பார்த்தபோது, கழுத்துப் பிடரி மயிர் ஈரமாகி ஒட்டியிருந்ததும், கொம்பின் நுனிகளில் புல்லும் மண்ணும் சிக்கியிருந்ததும், வாயைத் திறந்த கணத்தில் மூச்சு வெண்புகையாக எழுந்ததும், குரல் எங்கள் காதை எட்டுவதற்குள் அந்தப் புகை கலைந்துவிட்டதும் தெரிந்தன. என் மகள் அந்த இடைவெளியைக் கவனித்து, முதலில் புகை, பிறகு சத்தம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அங்கேயே அமர்ந்திருந்தோம். மூன்று தலைமுறையினர் ஒருவரும் கைப்பேசியைத் தேடாமல் ஒரே திசையைப் பார்த்து இரண்டு மணி நேரம் இருந்ததை வேறு எந்தச் சுற்றுலாவிலும் நான் கண்டதில்லை. குடும்பத்துக்கு ஏற்ற இடமல்ல என்ற வரியை வாசித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அந்தப் பகல்தான்.

திரும்பி வரும் வழியில், பாதையிலிருந்து ஒரு கை தூரத்தில், புல்லுக்குள் மான் கொம்பு ஒன்று கிடந்தது. செம்மான் கலைகள் ஆண்டுதோறும் குளிர்காலம் முடியும் தறுவாயில் கொம்பை உதிர்த்துவிட்டு, கோடைக்குள் புதிதாக வளர்த்துக்கொள்கின்றன. மகள் அதை எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டாள். குனிந்து பார்த்தோம்: கொம்பின் ஒரு கிளை முழுவதும் நெருக்கமான சிறு பற்குறிகள். எலிகள் சுண்ணாம்புச் சத்துக்காக அதைக் கொறித்திருந்தன. யாருக்கோ அது இன்னும் பயன்படுகிறது என்று அம்மா சொன்னார். அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.

இன்று அங்கே காணும் விலங்குகளெல்லாம் எப்போதும் இருந்தவை என்று எண்ணிவிடக் கூடாது. பூங்கா தொடங்கியபோது இந்த மலைகள் ஏறக்குறைய வெறுமையாகிவிட்டிருந்தன. செம்மான் அப்போதுதான் கிழக்கிலிருந்து தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பின்னோக்கி வளைந்த பெருங்கொம்புகளைக் கொண்ட ஐபெக்ஸ் என்னும் மலையாடு சுவிஸ் மண்ணில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேட்டையால் அற்றுப்போயிருந்தது. அதன் இறைச்சிக்காக மட்டும் கொன்றிருந்தால்கூடச் சில எஞ்சியிருக்கலாம். கொம்பு முதல் இரத்தம் வரை அனைத்தும் மருந்து என்ற நம்பிக்கை அதை அடியோடு அழித்துவிட்டது. இத்தாலியில் கிரான் பாரதிசோ மலையில் மட்டும் எஞ்சியிருந்த சிறு கூட்டம், 1856இல் அது அரசரின் தனி வேட்டைக்காடாக்கப்பட்டதால் பிழைத்தது. சுவிஸ் தரப்பு விலைக்குக் கேட்டும் இத்தாலி கொடுக்கவில்லை. அதனால் 1906 முதல் குட்டிகள் இரகசியமாக எல்லை கடத்திச் சென்ட் காலன் நகருக்குக் கொண்டுவரப்பட்டு வளர்க்கப்பட்டன. அந்த வழிவந்த ஆடுகள் 1920இல் இந்தப் பூங்காவில் விடப்பட்டன. இன்று நாடு முழுவதும் 15,000க்கு மேற்பட்ட ஐபெக்ஸ்கள் வாழ்கின்றன. கடத்தலை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனாலும் மலைமுகட்டில் வானத்தை ஒட்டி நிற்கும் ஐபெக்ஸைப் பார்க்கிறபோதெல்லாம், அந்தக் குட்டிகளைச் சுமந்து இரவில் கணவாயைக் கடந்த மனிதர்களை எண்ணாமல் இருக்க முடிவதில்லை.

தாடிப் பாறின் கதை இதைவிடக் கசப்பானது. இறக்கை விரித்தால் ஏறத்தாழ இரண்டே முக்கால் மீட்டர் அகலம் வரும் இந்தப் பிணந்தின்னிக் கழுகின் உணவு பெரும்பாலும் எலும்புதான். விழுங்க முடியாத பெரிய எலும்பை உயரத்துக்குத் தூக்கிச் சென்று, பாறை மேல் போட்டு உடைத்து, துண்டுகளை உண்ணும். ஆட்டுக்குட்டிகளையும் குழந்தைகளையும் தூக்கிச் செல்கிறது என்ற பொய்யான பழி ஒட்டிக்கொண்டதால், ஆல்ப்ஸ் முழுவதும் அது சுட்டும் நஞ்சிட்டும் தீர்த்துக்கட்டப்பட்டது. வளர்ப்பில் பிறந்த குஞ்சுகளை மலையில் விடும் திட்டம் 1986இல் ஆஸ்திரியாவில் தொடங்கியது. சுவிஸ் தேசியப் பூங்காவில் 1991 முதல் 2007 வரை 26 இளம் பறவைகள் விடப்பட்டன. அதுவும் நான் பாதையை விட்டு இறங்கிய அதே ஷ்டாபெல்சோட் பள்ளத்தாக்கில். 2007இலேயே சுவிட்சர்லாந்தில் காட்டில் பிறந்த குஞ்சுகள் மறுபடியும் சிறகு விரித்தன. இரும்புச் சத்துள்ள சேற்றில் புரண்டு நெஞ்சைச் செம்மஞ்சளாக்கிக்கொள்ளும் வழக்கம் இந்தப் பறவைக்கு உண்டு. 2,328 மீட்டர் உயரமுள்ள மார்குனெட் மேட்டில் நிற்கும்போது அந்த நிறம் தலைக்கு மேலே ஒரு தடவை என்னைக் கடந்து போனது. நிழல்தான் முதலில் தெரிந்தது.

கரடியைப் பற்றி ஒரு வரி. இந்நாட்டின் கடைசிக் கரடி 1904இல், பூங்காவை அடுத்த வால் எஸ்-சார்ல் பள்ளத்தாக்கில் சுட்டுக் கொல்லப்பட்டது. நூறாண்டுகளுக்குப் பின், 2005இல், இத்தாலியிலிருந்து இளம் கரடி ஒன்று தானாகவே நடந்து ஃபுவோர்ன் கணவாய்ப் பகுதிக்கு வந்து சேர்ந்தது. போகிறவர்கள் கரடியைப் பார்ப்போம் என்று எதிர்பார்க்க வேண்டாம், அஞ்சவும் வேண்டாம்.

விலங்குகளைத் தேடிப் போகும் நம்மவர்கள் பலர் காட்டைக் கண்டு முகம் சுளிப்பதையும் பார்த்திருக்கிறேன். விழுந்த மரங்கள் விழுந்தபடியே கிடக்கின்றன, பட்டுப்போனவை நின்றபடியே வெளுக்கின்றன, பனிச்சரிவு அடித்துத் தள்ளிய தண்டுகள் ஓடைக்குக் குறுக்கே குவிந்திருக்கின்றன. ஏன் இதைத் துப்புரவு செய்யவில்லை என்ற கேள்வியை என் உறவினர்களே கேட்டிருக்கிறார்கள். இந்தக் காட்டின் பழைய வரலாறு தெரிந்தால் அந்தக் கேள்வி எழாது. ஃபுவோர்ன் என்ற பெயருக்கு உள்ளூர் ரோமான்ஷ் மொழியில் உலை என்று பொருள். நூற்றாண்டுகளுக்கு முன் இங்கே இரும்பு உருக்கினார்கள். கரிக்காகக் காடு வெட்டப்பட்டது. பிறகு ஆஸ்திரியாவின் ஹால் நகரத்து உப்பு ஆலைகளுக்கு விறகாக மலைமலையாக மரங்கள் ஆற்றில் மிதக்கவிடப்பட்டன. அப்படி மொட்டையடிக்கப்பட்ட சரிவுகளில் தானாக எழுந்ததுதான் இன்று நாம் காணும் மலைப் பைன் காடு. 1914க்குப் பிறகு அங்கே யாரும் மரம் வெட்டவில்லை, நடவும் இல்லை. தானாக விட்டால் என்ன ஆகிறது என்று பார்ப்பதற்காகவே விடப்பட்ட நிலம் அது. குறியிட்ட சிறு நிலத்துண்டுகளில் எந்தச் செடி வருகிறது, எது மறைகிறது என்று 1917 முதல் அறிவியலாளர்கள் தொடர்ந்து குறித்து வருகிறார்கள். இவ்வளவு நீண்ட, கை படாத பதிவு உலகில் அதிகம் இல்லை. நாம் பறிக்கும் ஒரு பூ அந்தக் கணக்கில் ஒரு பிழையாக விழக்கூடும் என்பதை நினைத்தால் கை தானாகப் பின்வாங்கும்.

அந்தக் காட்டில் மரம் நடும் ஒருவர் உண்டு. பூங்காவின் சின்னமாக உள்ள நட்கிராக்கர் என்ற பறவை அது; காக்கை இனம், பழுப்பு உடலெங்கும் வெள்ளைப் பொட்டுகள். ஆர்வே என்னும் இன்னொரு வகைப் பைன் மரத்தின் விதைகளை இலையுதிர் காலத்தில் ஆயிரக்கணக்கான இடங்களில் புதைத்து வைத்து, ஆழ்ந்த பனிக்கு அடியிலிருந்தும் பெரும்பாலானவற்றை நினைவிலிருந்தே தோண்டி எடுத்துவிடுகிறது. எடுக்காமல் விட்டவை முளைக்கின்றன. பாறை இடுக்குகளில் மூன்று நான்கு ஆர்வே மரங்கள் ஒரே குழியிலிருந்து எழுந்து நிற்பதைப் பார்த்தால், ஒரு பறவை மறந்துபோன பொட்டலம் என்று தெரிந்துகொள்ளலாம்.

போக விரும்புவோருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். சூரிச்சிலிருந்து லாண்ட்குவார்ட் சென்று, அங்கிருந்து வெராய்னா சுரங்கம் வழியாக எங்கடினை அடையும் மலை ரயிலில் ஏறினால், மொத்தம் இரண்டரை மணி நேர அளவில் செர்னெட்ஸ் வந்துவிடும். அங்குள்ள பூங்கா மையத்தைப் பார்த்துவிட்டு, எந்தப் பாதை திறந்திருக்கிறது, எங்கே பனி எஞ்சியிருக்கிறது என்று கேட்டறிந்த பிறகே மலைக்குப் போக வேண்டும். உயரமான பாதைகள் ஜூன் மாதத்திலும் சில நேரங்களில் மூடியிருக்கும். கணவாய்ச் சாலையில் அஞ்சல் பேருந்து ஓடுகிறது, வாகனம் நிறுத்தும் இடங்களும் எண்ணிட்டு வைத்திருக்கிறார்கள். குளுவோட்சா குடிலில் ஓர் இரவு தங்க முடிந்தால் அதைவிடச் சிறப்பில்லை. செர்னெட்ஸிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஏறி இறங்க வேண்டும். இடத்தை வெகு முன்பே பதிவு செய்துகொள்ள வேண்டும். குழந்தை வண்டி இந்தப் பாதைகளில் ஓடாது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களைச் செங்குத்தான பாதைகளுக்கு அழைத்துச் செல்லாதீர்கள். வால் துருப்சுன் அவர்களுக்கும் ஓரளவு இசைவான ஏற்றம்.

கணுக்காலைப் பிடிக்கும் காலணி, மழை மேலாடை, தண்ணீர், தொலைநோக்கி ஆகியவை கட்டாயம். கோடையில் மதியத்துக்குப் பின் இடி மின்னல் திடீரென்று வரும் என்பதால் காலையிலேயே ஏறிவிடுவது நல்லது. விலங்குகளும் காலையிலும் மாலையிலுமே வெளியே நடமாடுகின்றன. பூங்காவுக்குள் குப்பைத் தொட்டியைத் தேடாதீர்கள், கொண்டுபோன பையிலேயே எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஆரஞ்சுத் தோலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: அந்தக் குளிரில் அது மட்க நெடுங்காலம் பிடிக்கும். பெரிய கூட்டமாகப் போகிறவர்கள் நாலைந்து பேராகப் பிரிந்து, சற்று இடைவெளி விட்டு நடந்தால், முன்னால் போகிறவர்களுக்கும் பின்னால் வருகிறவர்களுக்கும் ஏதாவது தென்படும். நம் ஆட்கள் ஒருவரையொருவர் உரக்க அழைத்துக்கொண்டே நடப்பது அன்பினால்தான். அன்று மட்டும் அந்த அன்பைத் தாழ்ந்த குரலில் காட்டுவோம்.

இந்தக் கடிதத்தின் வழியாகத் தங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பூங்காவின் விதிகளையும், ஒவ்வொரு விதிக்கும் உரிய காரணத்தையும், தங்கள் பயணப் பக்கத்தில் அரைப்பக்க அளவில் தமிழில் வெளியிடுங்கள். இங்கே வளர்ந்த நம் பிள்ளைகள் ஜெர்மன் பலகையை வாசித்துவிடுவார்கள்; அவர்களைக் கூட்டிக்கொண்டு போகும் தாத்தா பாட்டிகளாலும், அண்மையில் வந்து சேர்ந்தவர்களாலும், ஊரிலிருந்து விருந்தினராக வருகிறவர்களாலும் அது முடிவதில்லை. விதி என்னவென்று தெரிந்தவர்கூட அது ஏன் என்று தெரியாதபோது, யாரும் பார்க்காத இடத்தில் அதை மீறிவிடுகிறார். என் மாமியாரைப் போல, காரணம் தெரிந்தால் காவலரைவிடக் கண்டிப்பாகக் காப்பவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். செம்மான்களின் குரல் செப்டம்பர் நடுவில் கேட்கத் தொடங்கும். ஆகஸ்ட் மாத இறுதிக்குள் அந்த அரைப்பக்கம் வெளிவந்தால், அதைக் கத்தரித்துப் பையில் வைத்துக்கொண்டு, இந்த ஆண்டு ஷ்சான்ஃபில் பாதையின் தொடக்கத்தில் நின்று அம்மாவுக்கும் மாமியாருக்கும் வாசித்துக் காட்டிவிட்டு உள்ளே போவேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர் ஒருவர்,
சுவிட்சர்லாந்து